ஒரு பிள்ளைக்கு எத்தனை எறிதல்? ஆண்டு 1, 2, 3 உடற்கல்வி நடத்தும் ஆசிரியர்களுக்கு

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த உடற்கல்வி வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 30 நிமிடத்தில் அவன் கைக்குப் பந்து எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம், எப்போதும் நடத்துவது போலவே நடத்துங்கள்.

நான் எண்ணியபோது வந்த விடை 4. பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளி, ஆண்டு 2, 24 பிள்ளைகள். இரண்டு வரிசை, இரண்டு பந்து, எறிந்துவிட்டு வரிசைக் கடைசிக்கு ஓட வேண்டும். பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்தது, தலைமையாசிரியர் கடந்து போனபோது தலையசைத்துவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பையன் எறிந்தது நான்கே தடவை. மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவனின் சட்டையை இழுத்துக்கொண்டு நின்றான், நானும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான்கு தடவை எழுதிப் பார்த்து ஒரு பிள்ளை 'ழ' எழுதப் பழகுமா? எறிவதும் அப்படித்தான். வரிசையில் நிற்கும் பிள்ளை நிற்பதை மட்டும்தான் பழகுகிறது.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த 4-ஐ 40 ஆக்குவது எப்படி என்பதைப் பற்றித்தான். என்னைப் போல உடற்கல்விக்கென்று தனியாகப் பயிற்சி எடுக்காமல், "டீச்சர், இந்த வருஷம் நீங்க பாத்துக்குங்க" என்று கால அட்டவணையில் போட்டுக் கொடுக்கப்பட்டவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இந்த வயதில் எதைக் கற்பிப்பது

ஏழு, எட்டு வயதில் காற்பந்தும் பூப்பந்தும் வேண்டாம். அதாவது அந்த விளையாட்டுகளின் விதிகளோடு, அணி பிரித்து, கோல் எண்ணிக்கொண்டு வேண்டாம். உடற்கல்விப் பாடத்திட்டத்தின் தர ஆவணத்தைப் பிரித்துப் பார்த்தால் முதல் கட்ட ஆண்டுகளில் அசைவுதான் அடிப்படை என்பது தெரியும். இடம் விட்டு இடம் நகரும் அசைவுகள் ஒரு வகை: நடப்பது, ஓடுவது, தாவுவது, நொண்டுவது, குதிரை ஓட்டம். இருந்த இடத்திலேயே செய்பவை இன்னொரு வகை: வளைவது, திருகுவது, சமநிலையில் நிற்பது. பொருளைக் கையாள்வது மூன்றாவது: எறிவது, பிடிப்பது, உதைப்பது, தட்டுவது. பின்னால் வரும் எல்லா விளையாட்டும் இவற்றின் மேல்தான் நிற்கிறது. ஆண்டு 4-இல் செகாக் உடற்தகுதிச் சோதனை வரும்போது திணறும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். அவர்களில் பலருக்குப் பலம் குறைவு என்று சொல்ல முடியாது, முழங்காலை மடக்கி இறங்கவே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இடம் இல்லை என்றால்

ஜார்ஜ் டவுனுக்குள் இருக்கும் பள்ளிகளில் எத்தனைக்குத் திடல் இருக்கிறது? சபைகூடும் சிமெண்ட் தளம், கார் நிறுத்துமிடம், மண்டபத்தில் பாதி, இவ்வளவுதான். பரவாயில்லை. இந்த வயதுக்கு ஒரு வகுப்பறையைப் போல இரண்டு மடங்கு இடம் இருந்தால் போதும், ஆனால் அந்த இடத்துக்கு எல்லை போட வேண்டும். நான்கு மூலையிலும் கோன் வைத்து, பக்கங்களைச் சாக்பீஸால் கோடு இழுத்துவிடுங்கள். சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது உள்ளே தள்ளி இழுங்கள், ஓடி வரும் பிள்ளைக்கு நிற்க இடம் வேண்டும். காலையில் மழை பெய்திருந்தால் தளத்தில் ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். அடிப்பகுதி தேய்ந்த பள்ளிக் காலணியோடு ஈரச் சிமெண்டில் பிள்ளைகளை ஓடவிடக் கூடாது.

அப்புறம் 'தன் இடம்' என்பதை முதல் இரண்டு வாரத்திலேயே கற்பித்துவிடுங்கள். நான் ரொட்டி சானாய் வட்டம் என்று சொல்வேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்று, யார் மேலும் படவில்லையா? அதுதான் உன் ரொட்டி. நடக்கும்போது உன் ரொட்டியும் உன்கூடவே வரும், இன்னொருத்தர் ரொட்டியைக் கிழிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடுகிறது. முதலில் நடந்து, பிறகு வேகமாக நடந்து, கடைசியாகத்தான் ஓட்டம். இதைத் தவிர்த்துவிட்டு நேராக ஓட்டத்துக்குப் போனால் நெற்றியும் நெற்றியும் மோதும்.

நிறுத்தும் சைகை ஒன்றும் வேண்டும். விசிலைவிட எனக்கு ஒரு பழைய மைலோ டின்னும் ஒரு குச்சியும் நன்றாக உதவுகின்றன. தொடர்ந்து தட்டினால் அசைய வேண்டும், இரண்டு அடி பலமாக விழுந்தால் சிலை. கையில் பந்து இருந்தால் அதை இரண்டு பாதத்துக்கு நடுவில் வைத்துவிட்டுச் சிலை. இதை மட்டும் ஒரு முழு வகுப்பு பழக்கினாலும் அது வீண் போகாது, ஏனென்றால் அதற்குப் பிறகு வருடம் முழுவதும் உங்கள் தொண்டை பிழைக்கும்.

உடலைச் சூடேற்ற, பினாங்குப் பிள்ளைகளுக்கு

வரிசையில் நின்று கை கால் நீட்டும் பயிற்சியை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு. டின் சத்தத்துக்கு எல்லாரும் எல்லைக்குள் பரவி நடப்பார்கள், நான் ஒரு பெயர் சொல்வேன். "கோம்தார்" என்றால் நுனிக்காலில் நின்று கையை மேலே நீட்டி, அந்த 68 மாடிக் கோபுரத்தின் உயரத்துக்கு வளர வேண்டும். "ஃபெர்ரி" என்றால் கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, இடமும் வலமும் மெதுவாகச் சாய்ந்து ஆட வேண்டும். "ஆமை" என்றால் கெக் லோக் சி கோயில் குளத்து ஆமை போலத் தரையோடு தரையாகக் கையும் காலும் ஊன்றித் தவழ வேண்டும். "முதல் பாலம்" என்றால் உள்ளங்கையும் கால்விரலும் தரையில் ஊன்றி உடம்பைப் பாலம் போல நேராகப் பிடிக்க வேண்டும், தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் அந்தப் பாலம் 13.5 கிலோமீட்டர் என்பதால் 13 எண்ணும் வரை. "இரண்டாம் பாலம்" 24 கிலோமீட்டர், ஆகவே 24 எண்ணும் வரை. ஆண்டு 1 பிள்ளைகள் 24 வரை தாங்க மாட்டார்கள், முழங்காலைக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். மூன்று நிமிடத்தில் எல்லாருக்கும் மூச்சு வாங்கும், உயரம் நடு தாழ்வு என்ற மூன்று மட்டங்களையும் அவர்கள் உடம்பு தொட்டிருக்கும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் இரட்டைக் கோபுரமும் பத்துமலைப் படிகளும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துமலைக்கு 272 படி, முழங்காலை உயர்த்தி 27 அடி வைத்தால் பத்தில் ஒரு பங்கு ஏறியாயிற்று.

எறிதல்

இதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தானாக வருவதில்லை. ஆறேழு வயதில் பலர் இலக்கை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, கால் அசையாமல், முழங்கையை மட்டும் மடக்கி நீட்டித் தள்ளுவார்கள். கொஞ்சம் முன்னேறியவர்கள் காலை எடுத்து வைப்பார்கள், ஆனால் எறியும் கைப்பக்கத்துக் காலையே வைப்பார்கள். வலக்கையால் எறிபவனுக்கு இடக்கால் முன்னால் போக வேண்டும். அப்போதுதான் இடுப்பும் தோளும் திரும்பி வீச்சுக்குப் பலம் வரும்.

விளக்கிச் சொல்லிப் பயனில்லை. நான் செய்வது இது: ஒவ்வொரு பிள்ளைக்கும் எறியாத கைப்பக்கத்துக் கணுக்காலில், காலுறைக்கு மேல், தளர்வாக ஒரு ரப்பர் பேண்டு. அதுதான் 'எட்டு வைக்கும் கால்'. பிறகு நான்கே சொல்: "தோளைக் காட்டு, கையைப் பின்னால் கொண்டு போ, எட்டு வை, எறி." தோளைக் காட்டுவது என்றால் இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்பது. ஒரு வகுப்புக்கு ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். இன்று எட்டு வைப்பது என்றால், கை எப்படிப் போனாலும் இன்று கண்டுகொள்ளாதீர்கள். நான்கையும் ஒரே நாளில் திருத்தப் போனால் பிள்ளை குழம்பிப்போய்ப் பழையபடி தள்ள ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, தொடக்கத்தில் குறி பார்க்கச் சொல்லாதீர்கள். சின்ன வட்டத்தில் பட வேண்டும் என்றால் பிள்ளை பயந்து மெதுவாகத் தள்ளும், உடம்பு திரும்பாது. "சுவருக்கு வலிக்கிற மாதிரி எறி" என்று சொல்லுங்கள். பலமாக எறியும்போதுதான் காலும் இடுப்பும் தானாக உள்ளே வருகின்றன. குறி பார்ப்பது பிறகு வரட்டும்.

24 பிள்ளைக்கும் ஆளுக்கொரு பந்துக்கு எங்கே போவது? பழைய நாளிதழ் இரண்டு தாளைக் கசக்கி உருட்டி மேலே டேப் சுற்றினால் ஒரு பந்து. வகுப்பில் கலைக்கல்வி நேரத்தில் அவர்களையே செய்ய வைத்துவிடலாம். சிமெண்டில் உருண்டு ஓடாது, முகத்தில் பட்டாலும் வலிக்காது, கைக்கு அடங்கும். எல்லாரும் சுவரைப் பார்த்து ஒரே வரிசையாக, பக்கவாட்டில் ரொட்டி இடைவெளி விட்டு நின்று, டின் சத்தத்துக்கு எறிவார்கள், அடுத்த சத்தத்துக்குத்தான் போய் எடுப்பார்கள். இந்த இரண்டாவது விதி கட்டாயம். இல்லையென்றால் குனிந்து எடுப்பவன் தலையில் இன்னொருத்தன் எறிவான். இப்படிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு பிள்ளை 40 தடவை எறிந்துவிடும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

காகிதப் பந்து அலுத்தபிறகு பயறுப்பை. பச்சைப்பயறு போட்டுத் தைத்தால் நம் ஊர் ஈரக் காற்றுக்கு இரண்டு மாதத்தில் வண்டு வந்துவிடுகிறது. சாகா மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் சிவப்பு விதைகளைப் போட்டுத் தைத்துப் பாருங்கள், அந்த மஞ்சாடி விதை கெட்டுப்போகாது, கனமும் சரியாக இருக்கும். நம் அம்மாக்கள் பலர் பத்து செரம்பான் என்னும் ஐந்துகல் விளையாட்டை விளையாட இப்படித்தான் குட்டிப் பைகள் தைத்தார்கள். இரட்டைத் தையல் போடுங்கள், விதை வெளியே வந்து வாய்க்குப் போகக் கூடாது. முக்கியமாக, கறுப்புக் கண் உள்ள குன்றிமணியை இதோடு கலந்துவிடாதீர்கள், அது கொடிய விஷம்.

பிடித்தல்

பிடிக்கத் தெரியாத பிள்ளையைப் பாருங்கள். பந்து வரும்போது தலையைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்ளும். அது பயம். எப்போதோ ஒரு கடினமான பந்து மூக்கில் பட்டிருக்கும். "கண்ணைத் திற" என்று கத்தினால் பயம் போகாது, மெதுவாக வரும் பொருளைக் கொடுத்தால்தான் போகும்.

வீட்டில் பழைய துப்பட்டா இருந்தால், ஜார்ஜெட் போல மெல்லிசாக, கைக்குட்டை அளவுக்கு வெட்டிக்கொண்டு வாருங்கள். மேலே எறிந்தால் மிதந்து மிதந்து இறங்கும், பிள்ளைக்கு அதைப் பார்க்கவும் கையைக் கொண்டு போகவும் நேரம் கிடைக்கும். தானே எறிந்து தானே பிடிப்பது, பிறகு ஒரு கைதட்டிவிட்டுப் பிடிப்பது, பிறகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு. அடுத்த வாரம் பலூன். (பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டால் மூச்சடைக்கும்.) அதற்கடுத்துப் பெரிய மெத்தென்ற பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது பிடிப்பது. அதன் பிறகுதான் இன்னொருவர் எறிவதைப் பிடிப்பது. எறிவதற்குச் சின்னப் பந்து நல்லது, பிடிப்பதற்குப் பெரிய பந்து நல்லது, இரண்டையும் ஒரே பந்தால் கற்பிக்க நினைப்பதுதான் பல வகுப்புகளில் நடக்கும் தவறு.

கை வைக்கும் முறைக்கு ஒரு வரி: பந்து நெஞ்சுக்கு மேலே வந்தால் கட்டைவிரல் இரண்டும் கூட்டாளி, இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல் இரண்டும் கூட்டாளி. அணைத்துப் பிடிக்கும் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம், அதுவும் ஒரு படிதான்.

தாவல், நொண்டி, குதிரை ஓட்டம்

தாவுவதைவிட இறங்குவதுதான் முதலில் கற்க வேண்டியது. "பூனை மாதிரி, எனக்குச் சத்தம் கேட்கக் கூடாது." அவ்வளவுதான் குறிப்பு. சத்தமில்லாமல் இறங்க வேண்டும் என்றால் முழங்கால் தானாக மடங்கும். உயரம் தாண்ட ரப்பர் பேண்டுகளைக் கோத்த கயிறு வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது நம் சின்ன வயசு சீரோ பாயிண்ட் விளையாட்டுக்குச் செய்தது போல நீங்களே கோத்துக்கொள்ளுங்கள். கால் தட்டினாலும் கயிறு நீண்டு கொடுக்கும், பிள்ளை விழாது.

துள்ளி ஓடுவது, அதாவது ஒரு காலில் எட்டு வைத்து அதே காலில் துள்ளி, அடுத்து மறுகாலில் எட்டு வைத்துத் துள்ளுவது, பல பிள்ளைகளுக்கு ஏழு வயதுவாக்கில்தான் கைகூடும். ஆண்டு 1-இல் வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். குதிரை ஓட்டம் முதலில், பக்கவாட்டில் நண்டு ஓட்டம் பிறகு, இரண்டு காலிலும் மாறி மாறி நொண்டி, பிறகு இவற்றைச் சேர்ப்பது. தரையில் பாண்டிக் கட்டம் போட்டுக் கொடுத்தால் நொண்டி நன்றாகப் பழகும், ஆனால் ஒரு கட்டத்துக்கு 10 பேர் என்று நிறுத்தாதீர்கள், எட்டுக் கட்டம் போட்டு கட்டத்துக்கு மூன்று பேராகப் பிரியுங்கள். துள்ளலுக்குத் தாளம் ரொம்ப உதவும். 'தாம்–த, தாம்–த' என்று நீளமும் குறிலுமாக டின்னில் தட்டுங்கள். என் வகுப்பில் உறுமி மேளக் குழு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான், எழுத்தில் பின்தங்கியவன். தாளத்தை அவன் கையில் கொடுத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவன் சொன்னபடிதான் வகுப்பே துள்ளியது.

தோற்றவன் வெளியே உட்கார வேண்டாம்

நாற்காலியைச் சுற்றி ஓடும் விளையாட்டிலும் தொட்டு விளையாட்டிலும் யார் முதலில் வெளியே போகிறார்கள்? அதிகம் ஓட வேண்டிய பிள்ளைதான். பருமனான பிள்ளை, மெதுவான பிள்ளை, கூச்சப்படும் பிள்ளை மூன்றாவது நிமிடத்திலேயே ஓரமாக உட்கார்ந்துவிடும், மீதி நேரமெல்லாம் நன்றாக ஓடுபவர்களே ஓடுவார்கள். இதை நினைத்தால் எனக்கு மனம் கஷ்டமாக இருக்கும். விதியை மாற்றுவது சுலபம். துப்பட்டாத் துண்டை எல்லாரும் இடுப்பின் பின்னால் வாலாகச் செருகிக்கொண்டு, மற்றவர் வாலைப் பறிக்க வேண்டும். வால் போனவன் வெளியே போவதில்லை, ஓரத்துக்கு ஓடி ஐந்து முறை தாவிவிட்டு, பெட்டியிலிருந்து புதிய வால் எடுத்துக்கொண்டு திரும்ப வருவான்.

இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். கடைசியாக நிற்கும் பிள்ளைக்கு அது பல வருடம் மறக்காது. சேட்டை செய்தால் திடலைச் சுற்றி ஓடு என்றும் சொல்லாதீர்கள், ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் பிறகு யார் ஆசையாக ஓடுவார்கள்?

மதிப்பீட்டுக்கு ஒரு வழி: ஒரு வகுப்புக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் பாருங்கள், அன்றைய ஒரு குறிப்பை மட்டும் பாருங்கள். எட்டு வைக்கிறானா, சில நேரம் வைக்கிறானா, இன்னும் இல்லையா. ஒரு மாதத்துக்குள் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும், அடைவுநிலை எழுதும்போது நினைவிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்காது.

நேரத்தைக் காப்பாற்றுவது

ஒரு பள்ளியில் நான் இருந்தபோது, சோதனை நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளை கணிதத்துக்குப் போய்விடும். ஆண்டு 6 பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-இல் நீக்கப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் பல இடங்களில் போகவில்லை. 5 வயதிலிருந்து 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அடுக்குமாடி ஃபிளாட்டில் இருந்து வேனில் வந்து வேனில் போய், மாலையில் டியூஷன் முடித்துக் கைப்பேசியோடு உட்காரும் பிள்ளைக்கு அந்த 60-இல் எவ்வளவு கிடைக்கும்? சண்டை போட வேண்டாம், ஆனால் "இந்த வாரம் குடுத்தா எறிதல் பாடம் நின்னுடும் டீச்சர், அடுத்த வாரம் உங்க பாடவேளைய எனக்குத் திருப்பித் தர முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். நான் கேட்க ஆரம்பித்தபிறகு கடன் வாங்குவது குறைந்துவிட்டது.

வெயில், புகைமூட்டம், இடி

கால அட்டவணை போடும்போதே முதல் இரண்டு பாடவேளைக்குள் கேளுங்கள், பத்து மணிக்கு மேல் சிமெண்ட் தளம் கொதிக்கும். தண்ணீர்ப் போத்தல் எல்லைக் கோட்டில் வரிசையாக இருக்கட்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் இரண்டு மிடறு. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் எது தெரிந்தாலும் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் குளிர்வித்து, உதவிக்கு ஆள் அனுப்புங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் வகுப்பறைப் பைக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை, உங்கள் கையில் இருக்க வேண்டும். வருடத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் கேட்டு, யார் யாருக்கு என்ன என்று ஒரு அட்டையில் எழுதி, விசில் கயிற்றோடு மாட்டிக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே எதுவும் வேண்டாம்.

இடிச்சத்தம் கேட்டால், மழை விழாவிட்டாலும், உடனே உள்ளே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது, அதாவது அன்றைய பாடவேளை உள்ளேதான். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, துப்பட்டாத் துண்டுகளையும் பயறுப்பைகளையும் எடுங்கள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு கோம்தார், ஃபெர்ரி, ஆமை. பிறகு ஒற்றைக்காலில் நின்று வலக்கையிலிருந்து இடக்கைக்குப் பையை மாற்றுவது, முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே 24 பிள்ளைகளும் ஒற்றைக்காலில் நிற்பார்கள். அன்றைக்கும் ஒரு பிள்ளையைக் குறித்துக்கொண்டு எண்ணுங்கள்.